வீட்டில் வளர்த்த பன்றிக்கறிக்கு விலை வைத்த கதை

முதன்முதலாக வளர்த்த நான்கு பன்றிகளின் கறியையும் கடை விலைக்கே விற்றேன். வேறு விலை வைக்கலாம் என்ற எண்ணமே அப்போது வரவில்லை. கடையில் கிலோ என்ன விலை என்று விசாரித்துவிட்டு வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். இரண்டு நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது. "அடுத்த தடவை எப்போ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கையில் மொத்தமாகப் பணம் வந்தபோது மனசு நிறைந்துதான் இருந்தது.

என் மனைவி தீவனக் கடை ரசீதுகளை ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பையை எடுத்து வந்து கொட்டினாள். "ஏங்க, இந்தப் பணத்துல நம்ம தீவனக் காசாவது வந்துச்சா, பாத்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டினோம்.

தொகைகள் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் இங்கே ரூபாய்க் கணக்கு சொல்லப் போவதில்லை. ஒரு பன்றிக்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவனம் மட்டும் 48. குட்டி வாங்கியது 18. வண்டி வைத்து ஏற்றிப்போனது, அறுப்புக் கட்டணம், துண்டு போட்ட கூலி எல்லாம் சேர்த்து 16. கொட்டகை, வேலி, தொட்டி ஆகியவற்றின் தேய்மானம் 6. வைக்கோல், குடற்புழு மருந்து, தண்ணீர், மின்சாரம் 5. குட்டி செத்துப்போனால் என்று ஒதுக்கியது 4. பைகளும் குளிர்பெட்டியும் 3. கறி விற்று வந்த பணம் 94.

அதாவது கறி வாங்கிய ஒவ்வொருவருக்கும் நாங்கள் கொஞ்சம் பணமும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். இதில் எங்கள் உழைப்புக்கு ஒரு பைசாகூட எழுதவில்லை.

கொட்டகைக் கணக்கில் ஒரு விஷயம். என் மனைவி முதலில் கொட்டகைக்கும் வேலிக்கும் ஆன முழுச் செலவையும் அந்த நான்கு பன்றிகளின் தலையிலேயே எழுதிவிட்டாள். தொகையைப் பார்த்ததும் இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றியது. பிறகு யோசித்தோம். அந்தக் கொட்டகை 10 ஆண்டாவது நிற்கும். ஆண்டுக்கு 2 பேட்ச், பேட்ச்சுக்கு 4 என்றால் 80 பன்றிகள். 80 பேருக்குப் பொதுவான செலவை முதல் 4 பேர் ஏன் சுமக்க வேண்டும்? பங்கு போட்டதில் வந்ததுதான் மேலே சொன்ன 6.

அடுத்தது உழைப்பு. காலை மாலை சேர்த்து நாளுக்கு அரை மணி நேரம். குட்டி வந்த நாளிலிருந்து அனுப்பும் நாள் வரை ஏறத்தாழ 135 நாள். அதுவே 67 மணி நேரம் ஆகிறது. தீவனம் வாங்கி வருவது, வேலி சரி பார்ப்பது, பன்றியை ஏற்றி அனுப்பும் நாள், பொட்டலம் போடுவது, போனில் பதில் சொல்வது, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் கூட்டினால் 90 மணி நேரத்துக்கு வந்து நின்றது. நான்கால் வகுத்தால் ஒரு பன்றிக்கு இருபத்திரண்டரை மணி நேரம். ஒரு பன்றியில் நாங்கள் விற்ற கறி 54 கிலோ. ஒரு கிலோவுக்கு 25 நிமிடம்.

இந்த 25 நிமிடம்தான் எனக்கு விஷயத்தைப் புரிய வைத்தது. கிலோ கிலோவாகக் கறியை எடுத்துக் கொடுக்கும்போது கூடவே 25 நிமிடத்தையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், வாங்கியவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதே வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் என்ன கூலி கொடுப்பேனோ அதை எழுதிப் பார்த்தேன். 100-உடன் 30 சேர்ந்தது. அடுத்த பேட்ச் குட்டி வாங்கக் கையில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 143. கடை விலையில் எனக்கு வந்தது 94. ஒன்றரை மடங்கு!

அந்த விலையை வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில நாள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வேறொரு கேள்வி வந்தது. என் செலவு 143 என்பது உண்மைதான். ஆனால் அந்த 143 முழுவதும் வாங்குபவர் கொடுக்க வேண்டிய செலவா?

தீவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரக் குட்டி 18 கிலோ எடையில் வந்தது. 100 கிலோவில் அனுப்பினோம். 82 கிலோ ஏறுவதற்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 330 கிலோ தீவனம் தின்றிருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு 4 கிலோ தீவனம். நல்ல தீவனம் போட்டு, கொட்டகையில் வைத்து, சிந்தாமல் கொடுத்தால் மூன்றரைக்குக் கொண்டுவரலாம். பெரிய பண்ணைகளில் 3-க்கும் கீழே வருகிறது. எங்கள் தொட்டி ஆழமில்லாத தொட்டி. பன்றி மூக்கால் முட்டித் தள்ளித் தள்ளிச் சேற்றில் போட்ட தீவனம் கொஞ்சநஞ்சம் இல்லை. இரவில் எலி தின்றது வேறு. அந்தச் சேற்றில் போன தீவனத்துக்கும் எலிக்குப் போட்ட சாப்பாட்டுக்கும் கறி வாங்குகிறவர் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

அன்றிலிருந்து ஒவ்வொரு செலவையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கிறேன். ஒழுங்காக வளர்க்கும் ஒருவருக்கும் இந்தச் செலவு வரத்தான் செய்யுமா? வரும் என்றால் அது விலையில் சேர வேண்டும், கூச்சப்படாமல் சேர்க்க வேண்டும். என் கவனக்குறைவால் வந்தது என்றால் அதை நான்தான் சுமக்க வேண்டும், அடுத்த பேட்ச்சில் திருத்த வேண்டும். நியாயமான விலை என்று நான் நம்புவது இதைத்தான்.

தொட்டியை மாற்றினோம். தீவன மூட்டைகளைத் தகர டிரம்மில் கொட்டி மூடி வைத்தோம். நான்குக்குப் பதில் ஆறு வளர்த்தோம். ஆறுக்கும் தீவனம் வைக்க அதே அரை மணி நேரத்தோடு ஐந்து நிமிடம்தான் கூடியது. தீவனம் 48-இலிருந்து 42-க்கு இறங்கியது. எங்கள் உழைப்பைச் சேர்க்காத செலவு 100-இலிருந்து 94 ஆனது. உழைப்பு 30-இலிருந்து 22 ஆனது. மிச்சத்துக்கு 9 சேர்த்தோம். மொத்தம் 125. கடை விலையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இந்த விலையை யார் முகத்தைப் பார்த்தும் என்னால் சொல்ல முடியும்.

சாவுக்கு ஒதுக்கிய தொகையைப் பற்றிச் சிலர் கேட்டார்கள், செத்துப்போனதற்கும் நாங்களா பணம் கட்டுவது என்று. இதுவரை நான்கு பேட்ச்சில் 20 வளர்த்திருக்கிறோம். ஒன்று இறந்தது. 60 கிலோ இருக்கும். முந்தின நாள் மாலை நன்றாகத் தின்றது, காலையில் போய்ப் பார்த்தால் கிடக்கிறது. அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் உயிரோடு பழகும் தொழிலில் இது நடக்கும். சின்னக் குட்டியில் போனால் குட்டி விலை மட்டும் போகும், வளர்ந்தபின் போனால் அது தின்ற தீவனமும் சேர்ந்து போகும். அதேபோல ஒரு தடவை ஊசி மருந்து போட்டதால், மருந்து உடம்பிலிருந்து நீங்கக் குறிப்பிட்ட நாள் கழியும்வரை அனுப்பாமல் காத்திருந்தோம். அந்த நாட்களின் தீவனமும் செலவுதான். இவையெல்லாம் விலைக்குள் வர வேண்டியவை. வராவிட்டால் ஒரு பன்றி செத்த ஆண்டில் அந்த வீடு கடனில் விழும்.

இதற்கு நேர் எதிரான கதை இரண்டாவது பேட்ச்சில் நடந்தது. வாங்க ஆள் பார்த்து வைக்காமல் வளர்த்துவிட்டேன். 100 கிலோ வந்தபோது கேட்க ஆள் இல்லை. நாள் போகப் போக 130 கிலோ ஆகிவிட்டன. அந்தக் கடைசி 30 கிலோவுக்கு 40 நாளும் ஏறத்தாழ 150 கிலோ தீவனமும் போயின. கிலோவுக்கு 5 கிலோ தீவனம், அதில் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் ஏறியது. அறுத்துப் பார்த்தபோது முதுகில் மூன்று விரல் தடிமனுக்குக் கொழுப்பு. செலவு கூடிவிட்டதே என்று விலையைக் கூட்ட ஒரு கணம் கை போனது. கூட்டவில்லை. கொழுப்பை அரிந்து தனியாக எடுத்துவிட்டுக் கறியைப் பழைய விலைக்கே கொடுத்தேன். இப்போது பாதிக்கு மேல் முன்பதிவு வராமல் குட்டி வாங்குவதில்லை.

சீக்கிரம் அனுப்பினாலும் நட்டம்தான். அறுப்புக் கட்டணமும் வண்டி வாடகையும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறார்கள். 65 கிலோ பன்றிக்கும் அதே தொகைதான், 100 கிலோ பன்றிக்கும் அதே தொகைதான். முதலாவதில் 34, 35 கிலோ கறிமேல் அந்தச் செலவு உட்காரும், இரண்டாவதில் 54 கிலோமேல் உட்காரும். வேகமாக வளரும் லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ் இனக் கலப்புக்கு 90-இலிருந்து 110 கிலோவுக்குள் அனுப்புவது எங்களுக்குத் தோதாக இருக்கிறது. பெர்க்‌ஷயர் மாதிரி மெதுவாக வளர்ந்து சீக்கிரம் கொழுப்புப் போடும் இனம் என்றால் கணக்கு வேறு. நாளும் தீவனமும் கூடும், விலையும் கூடத்தான் வேண்டும்.

இனி எடை. எனக்கு வந்த ஒரே பெரிய சண்டை எடையால் வந்தது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவர் அரைப் பன்றி கேட்டார். பன்றி எவ்வளவு எடை என்றார். 100 கிலோ என்றேன். அவர் மனதுக்குள் 50 கிலோ என்று எழுதிக்கொண்டிருக்கிறார். அறுத்துச் சுத்தம் செய்து கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்த்தபோது பாதி முப்பத்தைந்தரை கிலோ. அந்த எடைக்குத்தான் பணம் பேசியிருந்தோம், கொடுத்தார். எலும்பு நீக்கித் துண்டு போட்டு அவர் வீட்டுக்குப் போனது 27 கிலோ. மறுநாள் காலையே போன் வந்துவிட்டது. "முப்பத்தஞ்சரைக்குக் காசு வாங்கிட்டு இருபத்தேழுதான் குடுத்திருக்கீங்க. மீதி எட்டரைக் கிலோ எங்கங்க?" அவர் குரலில் இருந்தது கோபம்கூட இல்லை, ஏமாந்துவிட்டோம் என்ற வருத்தம். எனக்கு அது அதிகமாக உறைத்தது.

தவறு என்னுடையது. ஒரு பன்றிக்கு மூன்று எடை உண்டு. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நிற்கும்போது உயிர் எடை. ரத்தம், குடல், முடி போனபின் கொக்கி எடை. உயிர் எடை 100 என்றால் இது 72-இலிருந்து 75 வரை இருக்கும். குளிரறையில் ஓர் இரவு தொங்கினால் நீர் வற்றி இன்னும் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ குறையும். எங்கள் பன்றி அப்படித்தான் 71-இல் வந்து நின்றது. அதிலிருந்து தலை, கால், எலும்பு, அதிகக் கொழுப்பு எடுத்தபின் சமையலறைக்கு வரும் எடை மூன்றாவது. எலும்பை எல்லாம் நீக்கினால் 50 முதல் 55. எலும்போடு வெட்டினால் 60-ஐத் தாண்டும். யாரும் யாரையும் ஏமாற்றாமலேயே 100 கிலோ பன்றி 54 கிலோ ஆகிவிடுகிறது.

இப்போது பேசும்போதே இந்த மூன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுதியும் கொடுக்கிறேன். அரைப் பன்றி வாங்குகிறவருக்கு "எலும்பு நீக்கினால் 25-இலிருந்து 29 கிலோவுக்குள் உங்கள் வீட்டுக்கு வரும், எலும்போடு வேண்டும் என்றால் 31, 32 வரும், தலையும் எலும்பும் வேண்டுமா?" என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்கு ஆம் என்பவர்கள் நிறைய. அவர்களுக்குச் சேர வேண்டியதைத்தான் முன்பு கேட்காமலே விட்டிருக்கிறேன்.

விலையை எந்த எடைக்குச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். முப்பத்தைந்தரை கொக்கி எடை 27 ஆகிறது என்றால், கைக்கு வரும் கறி கிலோ 100 என்பதும் கொக்கி எடை கிலோ 76 என்பதும் ஒரே விலை. பக்கத்தில் இன்னொருவர் கொக்கி எடைக்கு 80 சொல்லி, நீங்கள் கறிக்கு 100 சொன்னால், கேட்பவருக்கு நீங்கள் விலை கூட்டி விற்பதுபோலத் தெரியும். உண்மையில் உங்கள் விலைதான் குறைவு. வாங்குபவர் இதைத் தானாகக் கணக்குப் போட மாட்டார், நாம்தான் போட்டுக் காட்ட வேண்டும்.

உயிரோடு விற்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு வியாபாரி வந்து பன்றியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு "எண்பத்தஞ்சு தேறும்" என்றார். தராசு இல்லாத காலம் அது. அளவு நாடாவை எடுத்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தால் 1.10 மீட்டர். இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை 1.15 மீட்டர். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 69.3-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ கிலோ கணக்கில் எடை கிடைக்கும். 96 வந்தது. சில கிலோ முன்பின் ஆகலாம், 11 கிலோ ஆகாது. விற்கவில்லை. ஒரு நாடா இருந்தால் போதும், இந்தக் கணக்கைப் பன்றி வளர்க்கிற எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வயிறு நிறைந்திருந்தால் மூன்று நான்கு கிலோ கூடக் காட்டும். அதனால் காலையில் தீவனம் வைக்கும் முன் எடை போடுவதுதான் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

துண்டு துண்டாக விற்பதில் வேறொரு சிக்கல். ஆரம்பத்தில் எல்லாப் பகுதிக்கும் ஒரே விலை வைத்தேன். முதலில் வந்தவர்கள் முதுகுக்கறியையும் பின்தொடையையும் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். கடைசியில் வந்தவர்களுக்கு முன்தொடையும் தோள்பகுதியும் கொழுப்புக் கறியும்தான். அவர்கள் அதே விலை கொடுக்கத் தயங்கினார்கள், அது நியாயமும்கூட. பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அன்று வந்த நட்டம் முழுவதும் அந்தக் கடைசி 17 கிலோவில்தான்.

பன்றியில் முதுகுக்கறி மட்டும் தனியாக வளர்வதில்லை. அதனால் கூட்டிக் கழித்து ஒரு கிலோவுக்குச் சராசரியாக என்ன வர வேண்டுமோ அதை 100 என்று வைத்து, பகுதிகளுக்கு இப்படிப் பிரித்தேன். முதுகுக்கறி 12 கிலோ, 130 வீதம். பின்தொடை 15 கிலோ, 100. வயிற்றுக்கறி 10 கிலோ, 105. தோளும் முன்தொடையும் 13 கிலோ, 85. கொத்துக்கறி 4 கிலோ, 65. பெருக்கிக் கூட்டினால் 5,475. அதை 54-ஆல் வகுத்தால் 101-க்குக் கொஞ்சம் மேல். சராசரி குறையாமல் நின்றுவிட்டது. வாங்கும் பழக்கம் இடத்துக்கு இடம் மாறும். எதை முதலில் கேட்கிறார்களோ அதற்குக் கூட்டி, எது தேங்குகிறதோ அதற்குக் குறைத்து, சராசரியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தலை, கால், ஈரல், எலும்பு இவற்றை நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதில் வருவது வந்தபடி.

இப்படிப் பிரித்ததில் நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று. பழைய வாடிக்கையாளர்களில் வயதான ஒருவர், ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவர். விலை ஏறியதும் அவர் வராமல் போய்விடுவார் என்று கவலையாக இருந்தது. அவர் தோள்கறியும் கொத்துக்கறியும் வாங்க ஆரம்பித்தார். அதற்கு அவர் கொடுப்பது பழைய கடை விலையிலிருந்து அதிகம் தள்ளி இல்லை. ஆளுக்கு ஒரு விலை வைக்காமல், வசதிக்கு ஏற்ற பகுதியை எடுத்துக்கொள்ளும்படி விலை வைப்பது இருவருக்கும் கூச்சமில்லாமல் இருக்கிறது.

அரைப் பன்றியாக எடுப்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு குறைக்கிறேன். அவர் எடுத்தால் எனக்கு எத்தனை பொட்டலம் மிச்சம், எத்தனை போன் மிச்சம், குளிர்பெட்டியில் எத்தனை நாள் மிச்சம் என்று பார்த்துப் போட்ட கழிவு அது. பேரம் பேசினால் அதற்கு மேல் இறங்குவதில்லை. ஒருவருக்கு இறங்கினால் கேட்காமல் வாங்கிப் போன மற்றவருக்குச் செய்த அநியாயம் ஆகிவிடும். உறவினருக்கும் இதே விலைதான். கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் ஒரு கிலோவை அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவேன், விலையில் கை வைப்பதில்லை. நாங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் கறியையும் என் மனைவி நோட்டில் விலை போட்டு எழுதுகிறாள்.

விலையை உயர்த்த எனக்கு உண்மையான தைரியம் கொடுத்தது கணக்கு மட்டும் இல்லை. கொஞ்சம் தள்ளி ஓர் அக்கா இரண்டு தாய்ப்பன்றி வைத்துக் குட்டி எடுத்துக் கறிக்கும் விற்கிறார். அவர் குடும்பம் அதில்தான் ஓடுகிறது. முதல் பேட்ச் விற்ற சில வாரம் கழித்து வழியில் பார்த்தபோது நிறுத்திக் கேட்டார். "தம்பி, உங்களுக்கு வேற சம்பளம் வருது. எனக்கு இதுதான் சோறு. நீங்க அந்த விலைக்குக் குடுத்தா, என்கிட்ட வர்றவங்க 'அவர் மட்டும் எப்படிக் குடுக்கிறார்?'னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

பதில் சொல்ல முடியவில்லை. குறைந்த விலைக்குக் கொடுப்பது நல்ல மனசு என்றுதான் நினைத்திருந்தேன். என் சம்பளத்தை எடுத்துக் கறியில் போட்டு, அவருடைய விலையை உடைத்திருக்கிறேன். பொழுதுபோக்காக வளர்ப்பவர்கள் இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பணம் தேவையில்லாமல் இருக்கலாம். பக்கத்தில் அதே கறியை விற்றுப் பிழைக்கும் ஒருவருக்குத் தேவை.

பிறகு அந்த அக்காவோடு உட்கார்ந்து அவர் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். "குட்டி நம்ம வீட்டுலயே பொறக்குது, அதுக்கு ஏது செலவு?" என்றார். சினைக்காலம் 114 நாள். ஆண்டுக்கு இரண்டு ஈத்து, ஈத்துக்கு எட்டுக் குட்டி பால் மறந்து தேறினால் 16. ஆண்டு முழுக்கத் தாய்ப்பன்றி தின்னும் தீவனம் ஏறத்தாழ ஒரு டன். ஒரு குட்டி தானாகத் தீவனத்தில் வாய் வைக்கும் முன்பே அதன் பங்குக்கு 60 கிலோ தீவனம் ஏறியிருக்கிறது. இணை சேர்க்கக் கிடா, அதாவது ஆண் பன்றி, வைத்திருக்கும் செலவு தனி. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் குட்டி விலையை மாற்றினார். அதிக விலை கொடுத்து முதலில் வாங்கியவன் நான்தான்.

புது விலையைப் பழைய வாடிக்கையாளர்களுக்கு மூன்று வாரம் முன்பே சொன்னேன். தீவனம் இவ்வளவு, குட்டி இவ்வளவு, அறுப்பு இவ்வளவு, எங்கள் கூலி இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். 19 குடும்பங்களில் 11 பேர் சரி என்றார்கள். மற்றவர்கள் பதில் சொல்லவில்லை. அந்த வாரம் தூக்கம் சரியில்லை. அடுத்த பேட்ச்சுக்கு அவர்களில் 3 பேர் திரும்பி வந்தார்கள், புதிதாகச் சிலரும் சேர்ந்தார்கள். தாளைப் பார்த்து எல்லோரும் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். கடையில் எப்படிக் குறைவாகக் கொடுக்கிறார்கள்? உள்ளதைச் சொன்னேன். பெரிய பண்ணை டன் கணக்கில் தீவனம் வாங்குகிறது, நான் மூட்டை மூட்டையாக வாங்குகிறேன். அங்கே ஓர் ஆள் நூற்றுக்கணக்கில் பார்த்துக்கொள்கிறார், இங்கே நாங்கள் இரண்டு பேர் ஆறு பன்றிக்கு. அவர்கள் ஏமாற்றுவதும் இல்லை, நான் கொள்ளை அடிப்பதும் இல்லை.

மீந்த சாப்பாட்டைப் போட்டு வளர்த்தால் செலவு இறங்குமே என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கறி கலந்த எச்சில் உணவு வழியாக ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்துவிடும். வந்தால் மருந்து கிடையாது, கொட்டகையே காலியாகும், சுற்றுவட்டாரத்தில் எல்லோருடைய விற்பனையும் நின்றுபோகும். பல நாடுகளில் அப்படிப் போடுவதற்கே தடை இருக்கிறது. அந்த வகையில் மிச்சம் பிடித்து விலையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை.

சின்னதாக இரண்டு விஷயங்கள். வயிற்றுக்கறியை உப்புப் போட்டு உலர்த்திக் கொடுக்கச் சிலர் கேட்கிறார்கள். எங்களுக்கு அதில் நூற்றுக்கு 15 எடை குறைகிறது. பச்சைக்கறி 105 என்றால், உலர்ந்த கறிக்கு 105-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 124 ஆகிறது. உப்பு, நாள், வேலை அதற்கு மேல். முதல் தடவை பச்சைக்கறி விலையோடு கொஞ்சம் கூட்டிச் சொல்லி நட்டப்பட்டேன். இன்னொன்று, காயடிக்காத ஆண் பன்றி ஒன்றை வளர விட்டுவிட்டோம். சமைக்கும்போது வாடை வருகிறது என்று ஒருவர் சொன்னார். மறுபேச்சில்லாமல் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன், மற்றவர்களுக்கும் நானே போன் செய்து சொன்னேன். கூடுதல் விலை வாங்குகிறவன் அந்தப் பொறுப்பையும் சேர்த்துத்தான் வாங்குகிறான்.

இந்தத் தடவை தீவன மூட்டை விலை பத்தில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. மொத்த விலை 125-இல் தீவனம் 42 என்பதால் கறி விலை நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரை கூட வேண்டும். என் மனைவி 3 என்று எழுதியிருக்கிறாள். புதுத் தொட்டியில் சிந்துவது இன்னும் குறைந்திருக்கிறது, அந்த அரையை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். முன்பதிவு செய்தவர்களுக்கு நேற்று இரவே தகவல் அனுப்பிவிட்டோம்.